நியூ எச்டிஎம்எல் செக்கர்: முதல் வரியிலிருந்து பார்க்கத் தெரிந்த ஒரு இலவசச் சேவை

டர்பன் பக்கம் கோயிலுக்கோ தமிழ்ப் பள்ளிக்கோ வாலிபர் சங்கத்துக்கோ வெப்சைட் பார்த்துக்கொடுக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம், பெரும்பாலும் காசு வாங்காமல், வேலை முடிந்து வந்த பிறகு இரவில் உட்கார்ந்து. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இலவசமாக நடத்தும், பக்கத்தின் நிரலில் பிழை தேடிச் சொல்லும் நியூ எச்டிஎம்எல் செக்கரை இப்போது என் கைக்கு வரும் எல்லா சைட்டுக்கும் பயன்படுத்துகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நாலு கொடுப்பேன், யார் கேட்டாலும் பயன்படுத்தச் சொல்வேன். ஆனால் அது நீட்டும் பிழைப் பட்டியலில் டாக்டைப், அதாவது பக்கத்தின் முதல் வரியாக நிற்க வேண்டிய அறிவிப்பு, அதைப் பற்றி ஒரு வரி இருந்தால், மற்ற எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். இதைச் செக்கர் சொல்லாது. மற்ற பிழைகளோடு அதுவும் ஒரு பிழையாகப் பட்டியலில் நிற்கும், அவ்வளவுதான். ஒரு மதிப்பெண்ணை அதற்காகத்தான் குறைத்தேன்.

பயன்படுத்துவது சுலபம். சைட்டின் முகவரியைக் கொடுக்கலாம், ஃபைலை ஏற்றலாம், இல்லையென்றால் நிரலை அப்படியே ஒட்டலாம். கணக்குத் தொடங்கச் சொல்லாது, மின்னஞ்சல் கேட்காது, விளம்பரம் கிடையாது. போனிலும் ஓடுகிறது. ப்ரீபெய்டு டேட்டாவில் காலம் தள்ளுகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். வாட்ஸ்அப்பில் 'உங்கள் சைட்டுக்கு இலவச ஆடிட்' என்று அனுப்பி, வண்ண வண்ணமாக மதிப்பெண் போட்டு, கடைசியில் மாதச் சந்தாவைக் கேட்கிறவர்கள் தருவதைவிட இதன் பதில் நேர்மையானது. எந்த வரி, எந்த எழுத்து என்று விரல் வைத்துக் காட்டும்.

இதன் மேல் எனக்கு இவ்வளவு நம்பிக்கை வர ஒரு காரணம் இருக்கிறது. இதைத் தொடங்கியவர் பின்லாந்துக்காரர் ஹென்ரி சிவோனன், நீண்ட காலமாகப் பராமரித்து வருபவர் மைக்கேல் ஸ்மித். சிவோனன் இதற்காக ஜாவாவில் எழுதிய எச்டிஎம்எல் பார்சரை, அதாவது நிரலைப் படித்துப் பிரிக்கும் பகுதியைத்தான், சி++க்கு மாற்றி 2011இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 4இல் சேர்த்தார்கள். அதாவது உங்கள் பக்கத்தை ஒரு நிஜமான பிரவுசர் எப்படிப் படிக்குமோ அதே முறையில் இந்தச் செக்கரும் படிக்கிறது. இலக்கணப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு குறை சொல்லும் கருவி இல்லை இது.

சரி, ஒரு உதாரணம் சொல்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில். தைப்பூசக் காவடி, பங்குனி உத்திரம், தீமிதி, ஆடி மாதக் கஞ்சிப் பூசை எல்லாவற்றுக்கும் நாள், நேரம் போட்டு ஒரு பட்டியல் சைட்டில் இருக்கும். பெரியவர்கள் போனில் படிப்பார்கள் என்பதால் பக்கம் முழுவதுக்கும் எழுத்து அளவு 20 பிக்சல், வரி இடைவெளி 1.8 என்று, திரையில் தெரிவதை எல்லாம் அடக்கிய பாடி டேகில் வைத்திருந்தார்கள். தமிழுக்கு அந்த இடைவெளி வேண்டும், மேலே இகர ஈகார வளைவும் கீழே உகர ஊகாரச் சுழியும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டால் வயசானவர்கள் எப்படிப் படிப்பார்கள்? பத்திகளில் எல்லாம் சரியாக வந்தது, அட்டவணையில் மட்டும் வரவில்லை. கோயில் காரியதரிசி அக்கா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, மேல எழுத்து நல்லாப் பெரிசா இருக்கு, நேரப் பட்டியல் மட்டும் ஏன் இத்தனை பொடியா இருக்கு?"

சைட்டைச் செய்துகொடுத்த நிறுவனத்திடம் அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். தமிழ் எழுத்துரு என்றால் அப்படித்தான் இருக்கும், புது தீம் வாங்கினால் சரியாகலாம், அதற்கு இவ்வளவு ரேண்ட் ஆகும் என்று பதில் வந்திருக்கிறது. கோயில் பணம் அது. கேட்டதும் கோபம் வந்தது எனக்கு, ஏனென்றால் எழுத்துருவுக்கும் இதற்கும் துளியும் சம்பந்தம் இல்லை.

முகவரியைச் செக்கரில் கொடுத்தால் பெரிய பட்டியல் வந்தது. அதில் முதல் பிழை, டாக்டைப்பைப் பார்ப்பதற்கு முன்பே இடைவெளி அல்லாத எழுத்துகள் வந்துவிட்டன என்பது. சோர்ஸைத் திறந்து பார்த்தால் முதல் வரியில் டாக்டைப் ஒழுங்காக நிற்கிறது, அதற்கு முன்னால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் செக்கர் சொன்னது சரி. அங்கே பிஓஎம் என்கிற, திரையில் தெரியாத ஒரு குறி உட்கார்ந்திருந்தது.

இது தமிழில் வேலை செய்கிறவர்களை அடிக்கடி பிடிக்கும் வியாதி என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பழைய விண்டோஸ் நோட்பேடில் தமிழ் எழுதிச் சாதாரணமாகச் சேமித்தால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும், அதனால் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமிப்போம். அப்படிச் சேமிக்கும்போது நோட்பேட் ஃபைலின் தொடக்கத்தில் இந்தக் குறியைத் தானாகவே போட்டுவிடும். 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில்தான் குறி இல்லாமல் சேமிப்பதை வழக்கமாக்கினார்கள். ஒரே ஃபைல் என்றால் ஆபத்தில்லை, பக்கத்தின் தொடக்கத்தில் வரும் ஒரு பிஓஎம்மைப் பிரவுசர் விழுங்கிவிடும். பல ஃபைல்களைச் சேர்த்துச் சர்வரிலேயே பக்கத்தை உருவாக்கும் பிஎச்பி சைட்டில்தான் சிக்கல். முதலில் அமைப்பு ஃபைல் ஒன்று, அதைத் தொடர்ந்து தலைப்பு ஃபைல் ஒன்று என்று சேர்ப்பார்கள், இரண்டையும் யாரோ நோட்பேடில் திறந்து தமிழ்ப் பெயர் சேர்த்துச் சேமித்திருப்பார்கள். முதல் குறியை விழுங்கிய பிரவுசர் இரண்டாவதைச் சாதாரண எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. டாக்டைப் வருவதற்கு முன்பே எழுத்து வந்துவிட்டது என்றால் பிரவுசர் அந்தக் கணமே முடிவெடுத்துவிடும்: இது பழைய காலத்துப் பக்கம், குவர்க்ஸ் மோடில் காட்டு. அதற்குப் பின்னால் வரும் டாக்டைப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

அதோடு நிற்காது. எழுத்து வந்ததும் ஹெட் பகுதி முடிந்து பாடி தொடங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளும். பிறகு வரும் எச்டிஎம்எல் டேகும் ஹெட் டேகும் இடம் தவறியவை, டைட்டில் பாடிக்குள் இருக்கக் கூடாது, இப்படிப் பிழை மேல் பிழை. அந்தப் பட்டியல் நீளமாக இருந்ததற்கு இதுவே காரணம். இரண்டு ஃபைல்களையும் பிஓஎம் இல்லாமல் சேமித்ததும் இந்தச் சங்கிலிப் பிழைகள் எல்லாம் காணாமல் போயின, அட்டவணை எழுத்தும் பெரிதானது. புது தீம் எதுவும் வாங்கவில்லை. இதே கேடு பிஎச்பி எச்சரிக்கைச் செய்தி ஒன்று பக்கத்தின் உச்சியில் அச்சானாலும் வரும், சோதித்துப் பார்க்க யாரோ போட்டு மறந்த ஒரு எக்கோ வரியாலும் வரும்.

அட்டவணை மட்டும் ஏன் சிறுத்தது என்று கேட்பீர்கள். குவர்க்ஸ் மோடில், பாடிக்கு நீங்கள் கொடுத்த எழுத்து அளவு, எழுத்துத் தடிமன், வரி இடைவெளி போன்றவை டேபிளுக்குள் இறங்காது, அங்கே வழக்கமான அளவுக்கே திரும்பிவிடும், அது பொதுவாக 16 பிக்சல். இது பிரவுசரின் கோளாறு இல்லை, வேண்டுமென்றே வைத்திருக்கும் நடத்தை. தொண்ணூறுகளில் நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் ஆளுக்கொரு விதமாகப் பக்கத்தை வரைந்தன, உலகமே அந்த விதங்களுக்கு ஏற்றபடி பக்கங்களை எழுதிக் குவித்தது. பிறகு பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் விதிகளை ஒழுங்காகப் பின்பற்ற வேண்டும் என்று பிரவுசர்காரர்கள் நினைத்தபோது, பின்பற்றினால் அந்தப் பழைய பக்கங்கள் எல்லாம் உடைந்துபோகும் என்ற நிலை. 2000 மார்ச்சில் மேக் கணினிக்கு வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5தான் வழி காட்டியது. அதன் எஞ்சினை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் டான்டெக் செலிக். புதிய முறையில் எழுதுகிறவர்கள்தான் டாக்டைப் போடுகிறார்கள், ஆகவே அது இருந்தால் புதிய விதி, இல்லையென்றால் பழைய வழக்கம் என்று பிரித்தார்கள். 2001இல் விண்டோஸுக்கு வந்த எக்ஸ்ப்ளோரர் 6 உட்பட மற்ற பிரவுசர்களும் இதே ஏற்பாட்டுக்கு வந்தன. இன்று வரை எல்லாப் பிரவுசரிலும் அது இருக்கிறது, அந்தப் பழைய பழக்கங்களைக்கூட, எச்டிஎம்எல் தரத்தை இப்போது எழுதிவரும் வாட்விஜி அமைப்பு ஒரு தனித் தரநிலையாக எழுதி வைத்திருக்கிறது.

டாக்டைப் முதலில் இந்த வேலைக்காக வந்ததே இல்லை. எச்டிஎம்எல்லுக்கு முன்னோடியான, 1986இல் ஐஎஸ்ஓ தரமான எஸ்ஜிஎம்எல் முறையில், இந்த ஆவணம் எந்த டிடிடியின்படி, அதாவது எந்த விதிப்பட்டியலின்படி எழுதப்பட்டது என்று அறிவிக்கும் வரி அது. 1999இல் வந்த எச்டிஎம்எல் 4.01க்கு ஸ்ட்ரிக்ட், டிரான்சிஷனல், ஃபிரேம்செட் என்று மூன்று, ஒவ்வொன்றும் மனப்பாடம் செய்ய முடியாத நீளம், உள்ளே ஒரு வலை முகவரி வேறு. பிரவுசர்கள் அந்த முகவரிக்குப் போனதே கிடையாது. ஆனால் சரியாக எழுதாத வேறு மென்பொருள்கள் போய்க்கொண்டே இருந்தன. அந்த டிடிடி ஃபைல்களைக் கேட்டு ஒரு நாளைக்கு 13 கோடி வேண்டுகோள் வரை வருகிறது என்று டபிள்யூ3சியே 2008இல் எழுதி வருந்தியது. எச்டிஎம்எல் 5 இந்தச் சுமையை எல்லாம் இறக்கிவிட்டது. இப்போது வேண்டியது கோணக்குறிகளும் ஆச்சரியக்குறியும் இடைவெளியும் சேர்த்து மொத்தம் 15 எழுத்து: டாக்டைப், அதன் பின் எச்டிஎம்எல். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதும் முக்கியமில்லை. பிரவுசரைப் புதிய விதிப்படி வரையும் ஸ்டாண்டர்ட்ஸ் மோடுக்குத் திருப்புவதுதான் இன்று அதற்கு இருக்கும் ஒரே வேலை, பதிப்பு எண் சொல்வதுகூட இல்லை.

இதில் பாதிக் கிணறு தாண்டுகிறவர்களும் உண்டு. எச்டிஎம்எல் 4.01 டிரான்சிஷனல் டாக்டைப்பை முகவரி இல்லாமல் பாதியாக வெட்டி ஒட்டினால் முழு குவர்க்ஸ் மோட். முகவரியோடு முழுதாக ஒட்டினால் நடுவில் ஒரு நிலை, அதைக் கிட்டத்தட்ட ஸ்டாண்டர்ட்ஸ் மோட் என்பார்கள். வித்தியாசம் சின்னதுதான், கோபுரப் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி டேபிளில் அடுக்கிய பழைய முகப்புகளில் தெரியும். நடு நிலையில் துண்டுகள் ஒட்டி நிற்கும், முழு ஸ்டாண்டர்ட்ஸ் மோடில் படத்துக்குக் கீழே மெல்லிய இடைவெளி விழும், படத்துக்கு டிஸ்ப்ளே பிளாக் என்று ஒரு சிஎஸ்எஸ் வரி போட்டால் போய்விடும். செக்கர் இந்த மூன்றையும் தனித்தனிச் செய்தியாகப் பிரித்துச் சொல்கிறது: டாக்டைப்பே இல்லை, குவர்க்ஸ் மோட் டாக்டைப், கிட்டத்தட்ட ஸ்டாண்டர்ட்ஸ் மோட் டாக்டைப் என்று. இந்த நுணுக்கத்துக்காகவே எனக்கு இதைப் பிடிக்கும்.

அடுத்து, டாக்டைப் சேர்த்ததும் சைட் கெட்டுப்போய்விட்டது என்ற புகார். ஃபீனிக்ஸ் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியின் பழைய சைட்டில் டாக்டைப்பே இல்லை. செக்கர் சொன்னபடி சேர்த்ததும் படங்களின் அகலம் போனது, தலைப்பின் நிறம் போனது, 'மேலே செல்' பொத்தான் அசையவில்லை. உடனே யாரோ டாக்டைப்பைத் திரும்ப நீக்கச் சொன்னார்கள். நீக்கவே கூடாது. குவர்க்ஸ் மோடில் சிஎஸ்எஸ்ஸில் அகலம் 300 என்று அலகே இல்லாமல் எழுதினாலும் பிரவுசர் பிக்சல் என்று எடுத்துக்கொள்ளும், நிறத்துக்கு முன்னால் ஹேஷ் குறி விட்டுப்போனாலும் ஏற்கும், கிளாஸ் பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறியிருந்தாலும் பொருத்திவிடும். ஸ்டாண்டர்ட்ஸ் மோடில் இதில் எதுவும் செல்லாது. எச்டிஎம்எல் டேகிலேயே அகலம் 300 என்று எழுதுவது வேறு, அது எப்போதும் செல்லும். உயரம் 100 சதவீதம் என்பதும், அதைச் சுற்றியுள்ள பெட்டிக்கு உயரம் சொல்லவில்லை என்றால் வேலை செய்யாது. பொத்தான் அசையாததற்குக் காரணம், குவர்க்ஸ் மோடில் பக்கத்தை உருட்டுவது பாடி, ஸ்டாண்டர்ட்ஸ் மோடில் எச்டிஎம்எல் என்ற வேர் டேக், ஸ்கிரிப்ட் இன்னும் பாடியிடம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு வரித் திருத்தம். ஒரு சனிக்கிழமையைக் கொடுத்துச் செய்துவிடுங்கள், ஏனென்றால் இதைச் செய்யாமல் விட்ட சைட்டில் புதிதாக எதைச் சேர்த்தாலும், இணையத்தில் படித்த எந்த சிஎஸ்எஸ் உதாரணத்தைப் போட்டாலும், அது எழுதியபடி வராது, ஏன் வரவில்லை என்றும் யாருக்கும் புரியாது.

டாக்டைப் செய்யாத வேலையையும் அதன் தலையில் கட்ட வேண்டாம். தமிழ் எழுத்துக்குப் பதில் ஐரோப்பிய எழுத்துக் குப்பையாக வந்தால் அது எழுத்துக்குறியாக்கப் பிரச்சினை, மெட்டா சார்செட் வரி யூடிஎஃப்-8 என்று முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். போனில் பக்கம் சுருங்கித் தெரிந்தால், திரையின் அகலத்துக்கு ஏற்ப அமைக்கச் சொல்லும் வியூபோர்ட் வரி இல்லை என்று அர்த்தம். செக்கர் எழுத்துக்குறியாக்கத்தைக் கவனிக்கிறது. மொழியை அறிவிக்கும் லேங் என்ற பண்பு விட்டுப்போயிருந்தாலும் நினைவூட்டுகிறது. அதை நான் மதிக்கிறேன், தமிழும் ஆங்கிலமும் கலந்த நம் பக்கங்களில் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக்காட்டும் மென்பொருள் அந்தப் பண்பைப் பார்த்துத்தான் குரலை மாற்றும்.

குறைகளுக்கு வருகிறேன். செய்திகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான், அதுவும் நிரலாளர் ஆங்கிலம். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும், இருந்தும் அந்தப் பிஓஎம் செய்தியைப் படித்து யாரும் பிஓஎம் என்று ஊகிக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத எழுத்து என்றால் அதன் பெயரையாவது சொல்லியிருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பார்க்கும், சைட் முழுவதும் தானாகச் சுற்றிவராது. ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகு உருவாகும் பக்கத்தைப் பார்க்காது, சர்வர் அனுப்பியதை மட்டும் பார்க்கும். டாக்டைப்புக்கு அது போதும், மற்றவற்றுக்குப் போதாது. வேர்ட்பிரஸ் சைட் என்றால் ஐஎம்ஜி போன்ற டேகுகளின் கடைசியில் வரும் சாய்கோட்டைப் பற்றி ஒரே தகவலை வரிக்கு வரி சொல்லி அலுக்க வைக்கும், அந்த இரைச்சலில் முக்கியமான பிழை மூழ்கிவிடுகிறது. செய்திகளை வடிகட்டும் பொத்தான் ஒன்று மேலே இருக்கிறது, முதல் வேலையாக அதை அழுத்தி அந்த வகையை மறைத்துவிடுங்கள்.

டாக்டைப்பை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் பிரவுசரே போதும் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரிதான். ஃபயர்ஃபாக்ஸில் கண்ட்ரோல் ஐ அழுத்தினால் வரும் பக்கத் தகவலில் எந்த மோட் என்று எழுதியிருக்கும், நிரலாளர்களுக்காகப் பிரவுசருக்குள் இருக்கும் கன்சோலிலும் எச்சரிக்கை வரும். குரோமில் லைட்ஹவுஸ் சோதனை சொல்லும். எந்தப் பிரவுசர் கன்சோலிலும் டாக்குமென்ட் புள்ளி காம்பேட்மோட் என்று தட்டினால் பேக்காம்பேட் அல்லது சிஎஸ்எஸ்1காம்பேட் என்று பதில் வரும், முதலாவது வந்தால் குவர்க்ஸ். ஆனால் இவை நோய் இருக்கிறதா என்று மட்டும் சொல்பவை. எழுத்து முன்னால் வந்ததால் வந்ததா, டாக்டைப்பே இல்லாததால் வந்ததா, பாதி டாக்டைப்பால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது செக்கர்தான். நான் செக்கரில் காரணத்தைப் பார்த்துவிட்டு, திருத்திய பிறகு கன்சோலில் உறுதிசெய்துகொள்கிறேன்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: இதை இறக்கிக்கொண்டு இணையம் இல்லாமலே ஓட்டலாம். திறந்த மூல மென்பொருள், ஜாவா இருந்தால் ஒரே ஜார் ஃபைல். லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு இருந்த மாதங்களில் வைஃபை போய் லேப்டாப் பேட்டரியை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தபோது எனக்கு இதுதான் கை கொடுத்தது. ஒரு ஃபோல்டரைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் எச்டிஎம்எல் ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடும், பிழைகளை மட்டும் காட்டு என்றும் கட்டளை கொடுக்கலாம், அந்தச் சாய்கோட்டு இரைச்சலும் வராது. பிஎச்பி ஃபைலை நேராகக் கொடுக்காதீர்கள், பிரவுசருக்குப் போகும் வடிவில் அது இருக்காது. சர்வர் அனுப்பிய பக்கத்தைச் சேமித்துக் கொடுங்கள், ஆனால் பிரவுசரின் 'பக்கத்தைச் சேமி' வழியாக வேண்டாம், சில பிரவுசர்கள் சேமிக்கும்போது நிரலைத் தாங்களே திருத்தி எழுதிவிடும். கர்ல் கட்டளையால் இறக்கினால் முதல் பைட்டிலிருந்து எல்லாம் அப்படியே வரும், பிஓஎம் உட்பட.